படத்திறப்பு

மனிதன் மறதியை வென்றுவிட்டான். இனி இந்தப் பூமியில் பிறக்கிற எவரும், அரசனானாலும் ஆண்டியானாலும், மறக்கப்படப்போவதில்லை. ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு சிரிப்பும் காலத்தின் கல்வெட்டில் அழியாமல் நிற்கும். ஒரு கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து இப்படி முழங்கியவர், நெகிரி செம்பிலான் முன்னாள் தோட்ட மக்கள் மேம்பாட்டுப் பேரவையின் தலைவர் ராமகிருஷ்ணன். முழங்கிய இடம், சிரம்பானில் ஒரு சீனர் உணவகத்தின் மாடி. கேட்டவர்கள், கோழி எப்போது வரும் என்று சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூக்கிப் பிடித்த கைத்தொலைபேசி அவருடையதல்ல. பக்கத்து நாற்காலிக்காரரிடம் இரவல் வாங்கியது. அவருடையது அந்த நேரத்தில் மேடைக்குக் கீழே, அவர் மனைவி தாயம்மாவின் கையில் இருந்தது. அவர் முழங்குவதை அவள் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் இப்படித் தள்ளி நில்லுங்க. ஃபேன் ரெண்டு கொம்பாட்டம் தலையில நிக்குது."

தலைவர் தள்ளி நின்றார். கல்வெட்டில் கொம்பு கூடாது.

அதற்கடுத்த மாதம், அம்பாங்கானில் அவர்கள் வீட்டின் பின்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தாயம்மா, கொடியைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஈரச் சட்டைகள் எல்லாம் தலைவருடையவை. அவற்றோடு பொன்னாடை ஒன்றும் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி வைக்க ஒரு படம் வேண்டும். சாதாரணப் படமாக வைத்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? பேரவை கூடியது. பேரவையில் ஒரு தலைவர், ஐந்து துணைத்தலைவர்கள், இரண்டு செயலாளர்கள், ஒரு பொருளாளர், ஓர் உறுப்பினர். அந்த ஒரே உறுப்பினர் சன்னாசி. அவரையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசகராக உயர்த்துவதாக இருந்தார்கள். 'அன்னையார் தாயம்மாள் திருவுருவப் படத்திறப்பு விழா' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் வந்து திரையை விலக்குவார் என்று வாட்ஸ்அப்பில் செய்தியும் போய்விட்டது. செய்தி போன பிறகுதான் ராமகிருஷ்ணன் படத்தைத் தேடத் தொடங்கினார்.

படம் இல்லை.

"இருக்காமப் போவுமா? நல்லாப் பாரும்மா," என்றார். நீலாயில் குடியிருந்த ஒரே மகள் விமலா, அம்மா போனதிலிருந்து அப்பாவோடு இருந்தாள். அவருடைய கைத்தொலைபேசியை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"ஆயிரக்கணக்குல இருக்குப்பா. எல்லாத்துலயும் நீங்கதான்."

பொன்னாடை போர்த்தப்படும் அவர். பொன்னாடை போர்த்தும் அவர். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவரின் கையைக் குலுக்கும் அவர். அந்த டத்தோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ரஹாங்கில் அடைத்துக்கொண்ட ஒரு சாக்கடையைச் சுட்டிக்காட்டிச் சினந்து நிற்கும் அவர். சாக்கடையே பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு முகம். நெகிரியில் எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் தாயம்மா கூடவே போனாள். போன இடத்திலெல்லாம் அவள் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அவர் மேடையேறினார்.

சில படங்களின் மூலையில் சிவப்பாக, மங்கலாக, ஒரு மேகம்போல ஏதோ இருந்தது. அப்படி ஒன்று வரும்போது விமலாவின் விரல் தள்ளாமல் நின்றது.

"என்னம்மா அது?"

"அம்மா வெரலு."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். விரல் நன்றாகத்தான் விழுந்திருந்தது.

"உன் போன்ல இருக்குமே."

விமலா தன்னுடையதை எடுத்துக் காட்டினாள். தீபாவளி, பொங்கல், பிறந்த நாள். எல்லாவற்றிலும் தாயம்மா இருந்தாள். எல்லாவற்றிலும் முகத்துக்கு முன்னால் அவள் உள்ளங்கை இருந்தது. ஒன்றில் கரண்டி இருந்தது. ஒன்றில் முறம்.

"கைரேகை ஜோசியம் பாக்கலாம்ப்பா. மொகம் கெடைக்காது. போட்டோ எடுக்கப் போனாலே, 'பாக்கணும்னா நேர்ல பாத்துக்க'ன்னு சொல்லிட்டு கைய நீட்டிரும்."

"எங்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லையே."

"நீங்க எடுக்கறேன்னு சொன்னதே இல்லையேப்பா."

தலைவர் தாயம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டார். இறப்பைப் பதியப் போன இடத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள்; அதுதான் நடைமுறை. நகல் ஒன்று இருந்தது. நகலெடுக்கும் இயந்திரத்துக்கு டத்தோவும் தாயம்மாவும் ஒன்றுதான். கொடுத்த முகத்தையெல்லாம் கரிக்கட்டையாக்கித் தருகிறது. விமலாவின் கல்யாண வட்டு ஒன்று அலமாரிக்குள் கிடந்தது. அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் ஒரு கருவியும் இல்லை. தெருவில் யார் வீட்டிலும் இல்லை. விமலா தன் அலுவலகத்தின் மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றில் பார்த்துவிட்டு வந்தாள்.

"டத்தோ வந்தா விட்டுறாதன்னு போட்டோக்காரன்கிட்ட சொல்லியிருந்தீங்களா?"

"ஏன்?"

"டத்தோ சாப்பிடறது எல்லாப் பக்கத்துலேருந்தும் இருக்கு. அப்பளத்த ஒடைக்கறதே பத்துப் படம். தாலி கட்டுறப்ப அம்மா டத்தோ தோளுக்குப் பின்னால நிக்குது. கொண்ட மட்டும் தெரியுது."

அன்று மாலை ராமகிருஷ்ணன் வரவேற்பறையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். படம் இல்லாவிட்டால் என்ன, கூடவே குடித்தனம் நடத்தியவர். முகத்தை மனதுக்குள் கொண்டுவந்து, அதை யாராவது ஓவியரிடம் சொல்லி வரையச் செய்யலாம் என்று ஒரு யோசனை. கண்ணை மூடியதும் தாயம்மா வந்தாள். சேலை வந்தது, வளையல் வந்தது, லேசாக வளைந்த அந்தத் தோள் வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய கைத்தொலைபேசியின் முதுகு வந்து நின்றது. நீல உறை, அதில் மயில்.

அவர் கண்ணைத் திறந்தார். பிறகு இன்னும் பின்னால் போய்ப் பார்த்தார். பெட்டியில் கிடத்தியிருந்தபோது? அன்று அவர் தலைமாட்டில் நின்று, வந்தவர்களை ஒவ்வொருவராக வரவேற்றுக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் முகம் தலைகீழாகத் தெரியும். இன்னும் பின்னால். ரெம்பாவுக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர்த் தோட்டம். அவர் மண்டோர், பால் மரம் வெட்டும் ஆட்களை மேய்ப்பவர். தாயம்மா அவருடைய ஆள். விடிவதற்கு முன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு. பேர் கூப்பிடுகிறவன் நிமிர்ந்து பார்த்தால் வெளிச்சம் கண்ணில் குத்தும். 'தாயம்மா' என்றால் ஒரு விளக்கு ஆடும். அதற்குக் கீழே இருந்து ஒரு குரல், "இருக்கேன்."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முதன்முதலாகத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவர் அவர்தான். லயமே வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தது. அவர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், தாயம்மா பின்னாலிருந்து தேநீர் கலந்து அனுப்பினாள். முதலில் தொலைபேசி இழுத்தவரும் அவர்தான். மணியடித்தால் அவள் ஓடிப்போய் எடுத்து, "மண்டோரக் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் நகர்வாள். பால் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் கொஞ்சம் போய் வீடமைப்புத் திட்டம் வந்து, அவர்கள் அம்பாங்கானுக்குக் குடிமாறிய காலம்வரை, எந்தப் புதுச் சாமான் வந்தாலும் தலைவர் அதற்கு முன்னால் இருந்தார், தாயம்மா அதற்குப் பின்னால் இருந்தாள். வீட்டுக்குள் வந்த சாமான்களில் ஒவ்வொன்றின் முகத்தையும் அவரால் இப்போதும் சொல்ல முடியும். அந்தத் தொலைக்காட்சிக்கு இழுக்கும் கதவு இருந்தது, இடப்பக்கக் குமிழ் உடைந்திருந்தது.

எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டார்.

*

ரஹாங்கில் சஃபியாவின் கடைக்கு இன்னும் 'போட்டோ ஸ்டூடியோ' என்றுதான் பெயர்ப்பலகை. உள்ளே குவளையில் படம் அச்சடிப்பதும், பனியனில் அச்சடிப்பதும், கைத்தொலைபேசிக்கு உறை மாட்டுவதும்தான் தொழில். சஃபியாவின் தகப்பனார் மீரா சாஹிப், தோட்டம் தோட்டமாக மோட்டாரில் போய்ப் படம் எடுத்தவர். ராமகிருஷ்ணன் தாயம்மா கல்யாணத்துக்கு எடுத்தவரும் அவரே.

"வாங்க அங்கிள். ஆன்ட்டி விஷயம் கேள்விப்பட்டேன். மனசே சரியில்ல." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

தலைவர் ஒரு பை கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து முதலில் எடுத்தது, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த பெரிய கறுப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளைக் கோலத்தில், மாலையோடு, விறைப்பாக நிற்கும் இளைஞர் ராமகிருஷ்ணன்.

சஃபியா அதை விளக்குக்குக் கீழே பிடித்தாள். ஓரத்தில் இன்னொரு மாலையின் விளிம்பும், வளையல் போட்ட ஒரு முழங்கையும் இருந்தன. அத்தோடு படம் முடிந்துவிட்டது.

"இது வாப்பா எடுத்ததுதான், திரைச்சீலைய பாத்தாலே தெரியுது. மீதி எங்க அங்கிள்?"

"வெட்டியாச்சு."

"எதுக்கு?"

"பேரவை வெள்ளி விழா மலர்ல, தலைவரின் இளமைக்காலம்னு ஒரு பக்கம். அச்சகத்துல கத்தரிச்சுட்டாங்க."

"வெட்டுன துண்டு?"

"அச்சகமே இப்ப இல்ல. அங்க கைப்பேசி ரிப்பேர் கடை இருக்கு. உங்க வாப்பா கிட்ட நெகட்டிவ் இருக்கும்னுதான் வந்தேன்," என்றார்.

சஃபியா தலையை ஆட்டினாள். "வாப்பா மவுத்தானப்ப பெட்டி பெட்டியா இருந்துச்சு அங்கிள். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே காடி நாத்தம். லோரில ஏத்தி விட்டாச்சு."

லோரியில் போனவர்களில் தாயம்மாவும் ஒருத்தி. அது வெகு காலம் முன்பே போன லோரி.

அடுத்து பையிலிருந்து ஒரு வீடியோ கெசட் வந்தது. அம்பாங்கான் வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது எடுத்தது. அதை ஓட்டுகிற பழைய பெட்டியைச் சஃபியா வைத்திருந்தாள். பூஞ்சையைத் துடைத்து ஓட்டினாள். மழை பெய்வதுபோல ஒரு திரை. மழைக்கு நடுவே ராமகிருஷ்ணன் நாடா வெட்டினார். தன் சொந்த வீட்டுக்கு. கைதட்டல். தேங்காய். ஐயர். வீடியோக்காரன் கூடம், மாடி, கழிவறை எல்லாம் சுற்றினான். அடுக்களைப் பக்கம் புகை என்று போகவில்லை. கெசட் முடியப்போகும் நேரத்தில், திரையில் தலைவர் யாரிடமோ கூரைத் தகட்டின் தரத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"சாப்புடாம ஒருத்தரும் போயிறாதீங்க. இந்தா, எல போட்டாச்சு."

அவ்வளவுதான். திரையில் இருந்த ராமகிருஷ்ணன் கூரையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நாற்காலியில் இருந்த ராமகிருஷ்ணன் கைக்குட்டையை எடுத்தார்.

"இன்னொரு வாட்டி போடும்மா."

சஃபியா போட்டாள். இலை மறுபடியும் போட்டாயிற்று.

"அங்கிள்," என்றாள் சஃபியா கடைசியில், "ஒங்க போனையும் குடுங்க. நான் பெருசாக்கிப் பாக்கறேன். எங்கயாச்சும் ஓரத்துல நின்னுருப்பாங்க."

"விமலா பாத்துட்டா."

"குடுங்கலா. எனக்கு இதுதானே வேல."

அவள் கணினியில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். கடைக்கு வந்த ஒருவர் குவளை வாங்கிக்கொண்டு போனார். ஒரு பெண் கைத்தொலைபேசிக்கு உறை மாட்டிக்கொண்டு போனாள். ராமகிருஷ்ணன் தன் முகம் திரையில் வருவதையும் போவதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நூறு முகம் தாண்டியதும் அவருக்கே சலித்தது. அடுத்த நூறில் அந்த ஆள்மேல் லேசாக எரிச்சல்கூட வந்தது.

"அங்கிள், இது யாரு?"

சீனர் உணவகத்து மாடியில் எடுத்த படம். டத்தோவிடமிருந்து கண்ணாடிச் சட்டமிட்ட நினைவுப் பரிசு ஒன்றைத் தலைவர் பெறுகிறார். சஃபியா அந்தக் கண்ணாடியைப் பெரிதாக்கினாள். விருந்துக்குப் பிறகு கொடுத்த பரிசு. பிடித்துப் பிடித்துக் கண்ணாடி முழுக்கக் கைரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தெறித்த சோயாச் சாறுமாக இருந்தது. பிசுக்குக்கு நடுவே ஒரு நீல உறை. மயில். உறையைத்தான் அவருக்கு முதலில் அடையாளம் தெரிந்தது.

உறைக்குப் பின்னால் பாதி முகம்.

ஒரு கண்ணைச் சுருக்கி மூடியிருந்தாள். நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது. பல்லுக்கு நடுவே நாக்கின் நுனி கொஞ்சமாக எட்டிப்பார்த்தது, கணக்குப் போடுகிற பள்ளிப்பிள்ளைக்கு எட்டிப்பார்ப்பதுபோல. அவரைக் கொம்பில்லாமல் எடுத்துவிட வேண்டும் என்று அத்தனை கவனம்.

இவ்வளவு காலமும் கைத்தொலைபேசிக்குப் பின்னால் அவள் இப்படித்தான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாளா? அவருக்குத் தெரியாது. அவர் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார், ஒவ்வொரு முறையும்.

"ஆன்ட்டிதானே?"

"ஆமா." இருமினார். "ஆமாம்மா. தாயம்மாதான்."

"இது போதும் அங்கிள். இப்பதான் ஏ.ஐ. இருக்கே, பாதி மொகம் குடுத்தா மீதிய அதுவே போட்டுரும். கண்ணத் தொறந்து விட்டுரலாம். நாக்க உள்ள தள்ளிரலாம்."

இந்த இடத்தில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றுகூட இருக்கலாம். ஆனால் மண்டபத்தில் வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. முதல் வரிசையில் சட்டமன்ற உறுப்பினர் தெரிந்தார். திரை விலகியதும் உள்ளே நாக்கை நீட்டிக்கொண்டு தலைவரின் துணைவியார்.

"கௌரவமா இருக்கணும்," என்றார்.

இயந்திரம் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தது. பிறகு ஒரு பெண்மணியைத் தந்தது. பட்டுச்சேலை, அகலக் கரை. இரண்டு கண்ணும் திறந்திருந்தன. வாய் நிறையப் பல். தாயம்மாவுக்கு அத்தனை பல் இருந்ததில்லை. ஆனால் கௌரவமாக இருந்தது. யாரோ ஓர் அமைச்சரின் மனைவிபோல இருந்தது.

"இங்க பாருங்க, ஒரு சின்ன விஷயம்." சஃபியா பழைய பாதி முகத்தின் கன்னத்தில் இருந்த கறுப்புப் புள்ளியைக் காட்டினாள். "இந்த மச்சத்த மெஷின் அழிச்சிருச்சு. வேணும்னா திரும்பப் போடறேன். கண்ணாடிக்குள்ள இருக்கறதால பக்கம் மாறித் தெரியும். ஆன்ட்டிக்கு மச்சம் எந்தப் பக்கம் அங்கிள்? சோத்தாங்கைப் பக்கமா, பீச்சாங்கைப் பக்கமா?"

ராமகிருஷ்ணன் மேடையில் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லிப் பழகாதவர். ஒருமுறை செம்பனை எண்ணெயின் உலகச் சந்தை நிலவரத்தையே கேட்ட மாத்திரத்தில் விளக்கியிருக்கிறார். இது தன் சொந்த மனைவியின் கன்னம்.

விமலாவுக்குப் போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால், 'ஒங்களுக்குத் தெரியாதாப்பா' என்பாள். அப்படிக்கூடச் சொல்லமாட்டாள், பேசாமல் இருப்பாள். அந்தப் பேசாமையை அவர் இந்தப் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடது," என்றார்.

"ஷுவரா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? அந்த மச்சந்தான் தாயம்மாவே. அத வுட்டா அப்புறம் என்ன இருக்கு?"

சஃபியா மச்சத்தை வைத்தாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றார் தலைவர். இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தாள்.

வண்டிக்குத் திரும்பியபின் அவர் சாவியைத் திருப்பாமல் கைத்தொலைபேசியை எடுத்து, அந்த நினைவுப் பரிசுப் படத்தை விரல்களால் விரித்தார். இன்னும் விரித்தார். நாக்கு நுனி வரும் என்று பார்த்தார். முகம் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து, கட்டங்கள் பழுப்பாகி, பழுப்பு மட்டும் திரையில் நின்றது.

*

விழா நாளில் வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். படம் காலையிலேயே சிவப்பு வெல்வெட் துணி போர்த்தி வந்துவிட்டது. விமலா துணியின் ஓரத்தைத் தூக்கப் போனாள்.

"தொடாத! தெறக்கறதுக்கு முன்னாடி யாரும் பாக்கக்கூடாது. அதுதான் மொற."

"எங்கம்மாதானேப்பா?"

"மொறன்னா மொறதான்."

ஐயர் காரியத்தை முடித்துவிட்டு, இன்னொரு காரியம் இருக்கிறது என்று கிளம்பிப்போனார். சட்டமன்ற உறுப்பினருக்காகக் காத்திருந்தார்கள். சாம்பாரில் ஆடை படிந்தது. சன்னாசி தெருமுனைவரை மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடைசியில் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து ஒரு மலர் வளையம் வந்தது. அதில் அவர் பெயர் பெரிதாகவும் தாயம்மாவின் பெயர் தவறாகவும் இருந்தது. தலைவரே திறந்துவைப்பார் என்று சன்னாசி ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

ராமகிருஷ்ணன் கயிற்றை இழுத்தார். வெல்வெட் பாதியில் மாட்டிக்கொண்டது. ஒரு துணைத்தலைவர் நாற்காலிமேல் ஏறி எடுத்துவிட்டார். கூட்டம் "ஆ" என்றது. அமைச்சரின் மனைவி பல்வரிசையோடு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். விமலா படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போயிற்று. அப்பாவைப் பார்த்தாள். ஒலிபெருக்கி அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது.

"அன்பார்ந்த தோட்டத்து உறவுகளே," என்று தொடங்கினார். எழுதிவைத்த பேச்சுத்தான். ஆனால் பாதியில் எழுதாத ஓர் இடத்துக்கு வந்துவிட்டார். "பெரட்டுக்களத்துல, விடியாத இருட்டுல, என் தாயம்மாவ மொதமொதல்ல பாத்தேன். வெளக்கு வெளிச்சத்துல எனக்குத் தெரிஞ்சது எது தெரியுமா? இதோ, இந்த இடது கன்னத்து மச்சம். ஆயிரம் பேருக்கு மத்தியிலயும் அத வச்சு என்னால அவளக் கண்டுபிடிக்க முடியும். இத்தன வருஷமா நான் கண்ணு முழிச்சது அந்த மச்சத்துலதான். இனிமே எதப் பாத்து முழிப்பேன்?"

குரல் உடைந்தது. அழுகை பொய்யில்லை. இதைச் சொல்லச் சொல்ல, உண்மையாகவே அவருக்கு அந்த மச்சம் தெரிந்தது; நெற்றி விளக்குக்குக் கீழே, இடது கன்னத்தில், சஃபியா வைத்த அதே அளவில் தெரிந்தது. முகம் முழுவதும்கூட வந்துவிடும்போல இருந்தது. கூட்டத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்த தலைவர் எதிரே பார்த்தார். வரிசை வரிசையாகக் கைத்தொலைபேசிகளின் முதுகு. யார் அழுகிறார்கள், யார் படம் எடுக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு இலை போடத் தொடங்கியபோதுதான் பஞ்சாலை வந்து சேர்ந்தாள். தாயம்மாவோடு அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டியவள். ரெம்பாவ் பக்கம் பழைய லயத்திலேயே மிச்சமிருப்பவள். பஸ் மாறி வந்ததில் நேரமாகிவிட்டது. கையில் பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் பூ.

"மண்டோரே, நல்லாருக்கீங்களா," என்றாள். தலைவர் என்று அவளுக்கு வாயில் வராது. பதிலுக்கு நிற்காமல் நேராகப் படத்துக்கு முன்னால் போனாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"யாரு தாயியா? பட்டுலாம் உடுத்தி, ஜம்முனு இருக்காளே. பல்லு எப்பக் கட்டுனா?" பூவை வைக்கப் போனவள், கிட்டே போனதும் நின்றாள். "ஏம்மா விமலா, ஈ எச்சம் கெடக்கு பாரு. மாட்டறதுக்கு முன்னாடி கண்ணாடியத் தொடைக்கக்கூடாது? அவ எவ்வளவு சுத்தக்காரி!"

விமலா இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். "பெரியம்மா, இருக்கட்டும் விடுங்க."

"என்னத்த இருக்கட்டும்?"

பஞ்சாலை கட்டைவிரலை நாக்கில் தொட்டு, இடது கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மறுபடி எச்சில் தொட்டுத் தேய்த்தாள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கைத்தொலைபேசியைத் தூக்கினார்கள், பிறகு என்ன நினைத்தோ இறக்கிக்கொண்டார்கள்.

"போவ மாட்டேங்குதே," என்றாள் பஞ்சாலை.

ராமகிருஷ்ணன் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயம்மாவின் முகத்தில் மச்சம் கிடையாது.